யாரால் காத்திருக்க முடியும்?

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1920களின் நடுவில் சிகாகோ கோதுமைச் சந்தையை வைத்து ஒரு நாடகம் எழுதக் கிளம்பினார். நிபுணர்களிடம் கேட்டார், சந்தைக்காரர்களிடம் கேட்டார். கோதுமை விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று புரியும்படி சொல்ல ஒருவராலும் முடியவில்லை. நாடகம் பாதியில் நின்றது. அவர் மார்க்ஸைப் படிக்க உட்கார்ந்தார். 'மூலதனம்' படித்த பிறகுதான் என் நாடகங்கள் எனக்கே புரிந்தன என்று பின்னால் எழுதினார்.

நாடகக்காரருக்குப் பொருளாதார நூல் தேவைப்பட்டதில் விந்தை எதுவும் இல்லை. மேடையில் ஒருத்தி கடன் வாங்குகிறாள், ஒருவன் நிலத்தை விற்கிறான், இன்னொருவன் கூலிக்குப் போகிறான். அவர்களை நெருக்குவது எது என்று தெரியாமல் வசனம் எழுத வராது. பழைய நாடகங்களையும் அரசியல் பொருளாதாரத்தின் மூல நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: பேரம் நடக்கும்போது யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது? இவற்றைக் 'காலத்தை வென்றவை' என்று பாராட்டுவது எளிது. உண்மையில் இந்த நூல்களைச் சாகாமல் வைத்திருப்பது அவற்றுக்குள் ஓடும் தவணைக் கணக்குதான். அந்தக் கணக்கைக் கைவிட்ட இடத்தில்தான் வாசிப்பும் சறுக்குகிறது, மேடையேற்றமும் சறுக்குகிறது.

3,000 டுகாட், 3 மாதம்

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஒரு ராத்தல் சதை. நாடகத்தின் அச்சாணியோ முதல் காட்சியிலேயே இருக்கிறது. அந்தோனியோவிடம் நண்பன் பஸ்ஸானியோ பணம் கேட்கிறான். அந்தோனியோ ஊரறிந்த பணக்காரன். ஆனாலும் என் செல்வமெல்லாம் கடலில் கிடக்கிறது, கையில் ரொக்கமும் இல்லை, உடனே விற்றுக் காசாக்கச் சரக்கும் இல்லை என்கிறான். யூத வட்டிக்காரன் ஷைலாக்கிடம் 3,000 டுகாட் கடன். கெடு 3 மாதம், தவறினால் அந்தோனியோவின் உடலிலிருந்து ஒரு ராத்தல் சதை. கையெழுத்துப் போடும்போது அந்தோனியோவுக்குக் கலக்கமே இல்லை. கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே, அதாவது 2 மாதத்திற்குள், கடன் பத்திரத் தொகையைப்போல 9 மடங்கு வந்து சேரும் என்பது அவன் கணக்கு.

கப்பல்கள் வரவில்லை. கெடு தாண்டுகிறது. நீதிமன்றத்தில் 6,000 டுகாட் தருகிறோம் என்றாலும் ஷைலாக் மறுக்கிறான். ஐந்தாம் அங்கத்தில், எல்லாம் முடிந்த பிறகு, அந்தோனியோவின் மூன்று கப்பல்கள் நிறைந்த சரக்கோடு துறைமுகம் வந்த செய்தி போகிறபோக்கில் சொல்லப்படுகிறது. அவன் திவாலாகவே இல்லை என்று அப்போது தெரிகிறது. சொத்து இருந்தது, குறித்த தேதியில் காசாக இல்லை, அவ்வளவுதான். இன்றைய வங்கி நெருக்கடிகளில் பலவும் இதே வகைதான். பல ஆண்டுகளில் திரும்பி வரும் கடனாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கேட்ட நாளில் திருப்பித் தரவேண்டிய வைப்புத்தொகையை வாங்கி வைத்திருக்கும் வங்கி, எல்லோரும் ஒரே நாளில் வரிசையில் வந்து நின்றால் அந்தோனியோ நின்ற இடத்தில்தான் நிற்கும்.

19ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் அங்கத்தை அப்படியே வெட்டிவிட்டு நீதிமன்றத்தோடு திரையை இறக்கிய தயாரிப்புகள் உண்டு. உருக்கமாகத்தான் இருந்திருக்கும். கப்பல் வந்த செய்தியை வெட்டினால் அந்தோனியோ வெறும் நொடித்துப்போன வியாபாரி ஆகிவிடுகிறான், கெடுவின் கொடுமை காணாமல் போகிறது. வெட்டுக்கு அடிக்கடி பலியாகும் இன்னொரு இடம் மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி. நாட்டுத் தலைவர் தலையிட்டு உன்னைக் காப்பாற்றுவார் என்று நண்பன் ஆறுதல் சொல்லும்போது, முடியாது என்று அந்தோனியோவே விளக்குகிறான்: இந்த நகரத்தின் வாணிபமும் லாபமும் எல்லா நாட்டாரையும் நம்பியிருக்கின்றன, அந்நியர்களுக்குச் சட்டம் தரும் உரிமையை மறுத்தால் அரசின் நேர்மைமீதே பழி விழும். தன் கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்திலும் ஒப்பந்தம் ஏன் மீறப்படக்கூடாது என்று வாதாடும் வணிகன்! பத்து வரிகூட இல்லாத இந்தப் பேச்சை வெட்டிவிட்டு நாடகத்தை நடத்துவது விக்கிரகத்தை விட்டுவிட்டுத் தேரை இழுப்பதுபோல.

ஷைலாக்கின் கோபத்திற்கும் ஒரு விலை உண்டு. அந்தோனியோ வட்டியில்லாமல் கடன் கொடுத்து வெனிஸில் வட்டி விகிதத்தையே இறக்கிவிடுகிறான் என்பது அவன் முதல் புகார்களில் ஒன்று. யூத வெறுப்பு அதோடு பின்னிக்கிடக்கிறது. வெறுப்பை மட்டும் எடுத்தாலும் வட்டியை மட்டும் எடுத்தாலும் நாடகம் நொண்டும். இங்கிலாந்தில் 1571ஆம் ஆண்டுச் சட்டம் 10 விழுக்காடு வரை வட்டியைப் பொறுத்துக்கொண்டது. கூத்துப் பார்க்க வந்த லண்டன்காரர்களுக்குக் கடன் பத்திரம் அன்றாட விஷயம்.

குண்டூசிக்கு அப்பால்

ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' 1776இல் வந்தது. அதிலிருந்து ஊருக்கெல்லாம் தெரிந்தவை இரண்டு. ஒன்று குண்டூசிப் பட்டறை: வேலையைப் பிரித்துக்கொண்ட 10 பேர் நாளைக்கு 48,000 ஊசி செய்கிறார்கள், தலைக்கு 4,800, தனித்தனியாகச் செய்தால் ஆளுக்கு 20கூடத் தேறாது. மற்றது 'கண்ணுக்குத் தெரியாத கை'. அத்தனை பெரிய நூலில் அந்தத் தொடர் ஒரே ஒரு முறைதான் வருகிறது, நான்காம் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில். அதுவும் வணிகர்கள் தம் மூலதனத்தை வெளிநாட்டில் போடாமல் உள்நாட்டில் போட விரும்புவதைப் பற்றிய பேச்சில். மேற்கோளாகவே வாழ்ந்துகொண்டிருக்கும் நூலுக்கு நேரும் கதி இது.

ஸ்மித் உண்மையில் பலமாக இருக்கும் இடம் முதல் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயம், கூலி பற்றியது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகராறு வந்தால் யார் ஜெயிப்பார் என்று கேட்டு, நியாயத்தை வைத்து அவர் பதில் சொல்வதில்லை. கையிருப்பை வைத்துச் சொல்கிறார். நிலக்காரர், பெரிய விவசாயி, பட்டறை முதலாளி, வணிகர் ஆகியோர் ஒரு தொழிலாளியைக்கூட வைக்காமல் ஓரிரு ஆண்டு தாக்குப்பிடிப்பார்கள். தொழிலாளர்களில் பலர் வேலையில்லாமல் ஒரு வாரம் தாங்கமாட்டார்கள், சிலர் ஒரு மாதம் தாங்குவார்கள், ஓராண்டு தாங்குகிறவர் அரிது. நீண்ட நாள் பார்த்தால் முதலாளிக்கும் தொழிலாளி தேவைதான். ஆனால் அவசரம் அவருக்கு இல்லை. முதலாளிகள் கூலியை உயர்த்தாமலிருக்க எப்போதும் எல்லா இடத்திலும் வெளியே தெரியாத ஒரு கூட்டணியில் இருக்கிறார்கள் என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. சந்தையைத் தொழுகிறவராக மட்டும் ஸ்மித்தை அறிந்தவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்துத் திடுக்கிடுவது வழக்கம்.

குண்டூசிக்கும் ஒரு பின்குறிப்பு இருக்கிறது. அது சுமார் 700 பக்கம் தள்ளி ஐந்தாம் புத்தகத்தில் கிடப்பதால் பலர் அங்கே போய்ச் சேருவதில்லை. வாழ்நாளெல்லாம் ஒன்றிரண்டு எளிய அசைவுகளையே செய்கிறவன், ஒரு மனிதன் எவ்வளவு மந்தமாக முடியுமோ அவ்வளவு மந்தமாகிவிடுகிறான் என்கிறார் ஸ்மித். அதற்கு அவர் சொல்லும் மருந்து அரசு ஆதரவில் பள்ளிகள்.

மார்க்ஸ் போட்ட மேடை

'மூலதனம்' முதல் தொகுதி (1867) ஷேக்ஸ்பியரை அங்கங்கே பூ வைத்தாற்போலச் செருகுவதில்லை; வாதத்திலேயே பயன்படுத்துகிறது. பணம் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தில் 'ஏதென்ஸின் டைமன்' நாடகத்தின் தங்க வசையும், சோஃபோக்ளீஸின் 'ஆன்டிகனி'யில் அரசன் கிரியோன் பணத்தைத் திட்டும் வரிகளும் அடிக்குறிப்பில் வருகின்றன. நான் வாழும் வழியைப் பறிப்பது என் உயிரைப் பறிப்பதுதான் என்ற ஷைலாக்கின் குமுறலை, எந்திரம் வேலையைப் பறிக்கும் தொழிலாளியைப் பற்றிப் பேசும்போது மார்க்ஸ் எடுத்தாள்கிறார்.

நூலின் கட்டுமானமே நாடகத்தனமானது. உழைப்புச் சக்தியை வாங்குவதும் விற்பதும் பற்றிய ஆறாம் அத்தியாயம் முடியும்போது நம் நாடக மாந்தர்களின் முகம் மாறுகிறது என்கிறார். சந்தையில் சமமாக நின்ற இருவரில் பணக்காரர் முதலாளியாக, கமுக்கமாகச் சிரித்துக்கொண்டு முன்னே நடக்கிறார். மற்றவர் தன் தோலையே சந்தைக்குக் கொண்டுவந்தவர்போலத் தயங்கித் தயங்கிப் பின்னால் போகிறார். அதே அத்தியாயத்தில் ஒரு தவணைக் கணக்கும் உண்டு. கூலி வேலை முடிந்த பிறகே கிடைக்கிறது. அதுவரை தொழிலாளிதான் முதலாளிக்குக் கடன் கொடுத்திருக்கிறார். முதலாளி நொடித்தால் அந்தக் கடன் வாராக்கடன். வாரக்கூலிக்குப் பதில் மாதக்கூலி என்றால் கடனின் காலம் நீளும், தொழிலாளி கடைக்காரரிடம் கடன் சொல்லிக் கூடுதல் விலைக்கு வாங்கவேண்டி வரும்.

பத்தாம் அத்தியாயம், வேலைநாள் பற்றியது, நேராகவே மேடையாகிறது. அதுவரை வாய் திறக்காத தொழிலாளி திடீரென்று பேசத் தொடங்குகிறார். பேச்சில் ஒப்பாரி இல்லை, கணக்கு இருக்கிறது. நான் மிதமாக உழைத்தால் 30 ஆண்டு உழைப்பேன். அதனால் என் உழைப்புச் சக்தியின் மொத்த மதிப்பில் ஒரு நாளுக்குரிய பங்கு 365ஐ 30ஆல் பெருக்கி வரும் 10,950இல் ஒன்று. நீங்கள் என்னை விரட்டி 10 ஆண்டில் தீர்த்துவிடுகிறீர்கள். அப்படியானால் நாளுக்கு 3,650இல் ஒரு பங்கு தரவேண்டும். தருவது 10,950இல் ஒன்று. ஆக, நாள்தோறும் என் சரக்கின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திருடு போகிறது. 1860-61இல் 9 மணி நேர வேலை கேட்டு லண்டன் கட்டடத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் அறிக்கையிலும் இந்த வாதத்தின் சாயல் இருந்ததாக மார்க்ஸ் குறிக்கிறார்.

முதலாளி தரப்பு தோற்றுப்போவதில்லை. வாங்கிய சரக்கை முழுதாகப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு உண்டு. விற்ற சரக்கை நாசமாகாமல் காக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. இரண்டுமே சந்தை விதிப்படி செல்லும். சம உரிமைகள் மோதினால் பலம்தான் தீர்ப்புச் சொல்லும் என்கிறார் மார்க்ஸ். 'ஆன்டிகனி'யைப் பற்றித் தத்துவ அறிஞர் ஹெகல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: அங்கே மோதுவது நியாயமும் அநியாயமும் அல்ல, நியாயமும் நியாயமும். அண்ணனை அடக்கம் செய்யும் கடமை ஒருபக்கம், அரசின் ஆணை மறுபக்கம். கிரியோனை வில்லனாக்கினால் அந்த நாடகம் கெடும். முதலாளியைத் தனிமனிதக் கொடியவனாக்கினால் இந்த அத்தியாயம் கெடும். மார்க்ஸ் முன்னுரையிலேயே, தனிமனிதர்களைப் பொருளாதார உறவுகளின் உருவங்களாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன் என்று எச்சரித்திருக்கிறார்.

பலத்தின் தீர்ப்பு நிமிடக் கணக்கில் வந்தது. 1847ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் 10 மணி நேர வரம்பு வைத்தது. ஆலைக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தின் இரு முனையிலும் சில நிமிடங்களைக் கொறித்தார்கள். நாளுக்கு 5 நிமிடம் என்றால் ஆண்டுக்கு இரண்டரை நாள் உற்பத்தி என்று ஆய்வாளர் அறிக்கை சொல்கிறது. 300 வேலைநாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், 25 மணி நேரம், சரியாகத்தான் வரும். வேலை தொடங்குமுன் கணினியைத் திறந்து உள்நுழையும் நேரம் சம்பளத்தில் சேருமா என்று வழக்காடுகிறவர்கள் இந்த அத்தியாயத்தின் வாரிசுகள்.

கையெழுத்தில் ஒரு தேதி

இப்சனின் 'பொம்மை வீடு' (1879) பெண் விடுதலை நாடகமாகவே பேசப்படுகிறது. சரிதான். ஆனால் பூட்டு திறப்பது ஒரு தேதியில். கணவன் உயிரைக் காக்க நோரா ரகசியமாக வாங்கிய கடன் 1,200 ஸ்பெஸிடாலர், புதிய நாணயத்தில் 4,800 குரோனர். மனைவி தானாகக் கடன் வாங்க முடியாது. ஜாமீனாக அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். அப்பா செப்டம்பர் 29இல் இறந்தார். கையெழுத்தில் இருப்பது அக்டோபர் 2. கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் அந்த மூன்று நாள் இடைவெளியைச் சொல்லும் காட்சியை அவசரமாகக் கடத்திவிட்டால், கடைசியில் நோரா வீட்டைவிட்டுப் போகையில் கதவு சாத்தப்படும் ஓசை வெறும் ஆவேசமாகக் கேட்கும். கணவனுக்கு வங்கி மேலாளர் பதவி கிடைத்துவிட்டது, சம்பளம் வர இன்னும் மூன்று மாதம் என்ற தொடக்க உரையாடலும் அலங்காரத்திற்கு வைத்ததல்ல. நார்வேயில் மணமான பெண்களுக்குச் சட்டப்படி சொத்தாளும் தகுதி 1888இல்தான் வந்தது.

'மக்களின் விரோதி' (1882) இன்னும் கறாரானது. குளியல் நிலையத்தின் தண்ணீரில் நஞ்சு என்று டாக்டர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கிறார். குழாயை மாற்றிப் போடப் பெருந்தொகையும், குறைந்தது 2 ஆண்டு அடைப்பும் தேவை. அதற்குள் பக்கத்து ஊர்கள் விருந்தினரைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்கிறார் மேயர். வீட்டுக்காரர் சங்கத் தலைவர் அஸ்லாக்ஸன் அதுவரை டாக்டர் பக்கம். செலவு நகராட்சிக் கடனாக வரும், அதை வரி கட்டுகிறவர்கள்தான் அடைக்கவேண்டும் என்று தெரிந்ததும் அங்கேயே, மேடையிலேயே, கட்சி மாறுகிறார். டாக்டரின் மாமனார் கீல் செய்வது அதைவிட நுட்பம்: தன் தோல் பதனிடும் ஆலைதான் நஞ்சின் மூலங்களில் ஒன்று என்ற நிலையில், விலை விழுந்த குளியல் நிலையப் பங்குகளை மகள் குடும்பத்துக்கு வைத்திருந்த பணத்தில் வாங்கிவிடுகிறார். இனி டாக்டர் உண்மை சொன்னால் சொந்த மனைவி, பிள்ளைகளின் சொத்து காகிதமாகும்.

செகாவின் 'செர்ரித் தோட்டம்' (1904) இதற்கு நேர் எதிர் தாளத்தில் நடக்கிறது. கடனில் மூழ்கிய குடும்பத்தின் தோட்டம் ஏலத்துக்கு வரும் நாள் ஆகஸ்ட் 22 என்று முதல் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். வணிகன் லோபாகின் வழியும் காட்டுகிறான்: நிலத்தை மனைகளாகப் பிரித்துக் கோடை வீடுகளுக்குக் குத்தகை விட்டால் ஒரு தெஸ்யாதினாவுக்கு (பழைய ரஷ்ய நில அளவு) ஆண்டுக்கு 25 ரூபிள், மொத்தம் குறைந்தது 25,000. மதிப்பு செர்ரியில் இல்லை, பக்கத்தில் வந்துவிட்ட ரயிலில் இருக்கிறது. குடும்பமோ யாரோஸ்லாவ்ல் அத்தையை நம்பிக் காத்திருக்கிறது. அவர் அனுப்பும் 15,000 வட்டிக்கே காணாது. ஏலத்தில் எதிராளி ஐந்தைந்தாயிரமாக ஏற்ற, லோபாகின் பத்துப் பத்தாக ஏற்றிக் கடனுக்கு மேல் 90,000க்கு முடிக்கிறான். காத்திருக்க முடியாதவர்கள் காத்திருக்க முடியும் என்று நம்பியதுதான் நாடகம். இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி இதைச் சோகமாக இழுத்தார்; 12 நிமிடத்தில் முடியவேண்டிய கடைசி அங்கம் 40 நிமிடம் ஓடுகிறது என்று செகாவ் நொந்துகொண்டார். அந்த அங்கத்தில் லோபாகின் வண்டி நேரத்தைச் சொல்லி எல்லோரையும் அவசரப்படுத்திக்கொண்டே இருக்கிறான். நடிகர்கள் கண்ணீருக்கு நேரம் ஒதுக்கினால் அந்த வசனங்களுக்குப் பொருளே இல்லை.

பிரெக்டுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. 'மதர் கரேஜ்' போரில் வண்டியில் சரக்கு விற்றுப் பிழைக்கும் ஒரு தாயின் கதை. அதன் மூன்றாம் காட்சியில் மகனை மீட்க 200 கில்டர் லஞ்சம் கேட்கிறார்கள். வண்டியை அடகு வைத்தால் அந்தப் பணம் கிடைக்கும், பிறகு பிழைக்க வழியில்லை. 120 தருகிறேன் என்கிறாள். அதிக நேரம் பேரம் பேசிவிட்டேனோ என்று அவள் சொல்லும்போது மகனைச் சுட்டுவிடுகிறார்கள். 1941இல் சூரிக்கில் பார்வையாளர்கள் அழியாத தாய்மையைக் கண்டு உருகினார்கள். வியாபாரிதான் தெரியவேண்டும் என்று பிரெக்ட் சில காட்சிகளைத் திருத்தினார். 1949 பெர்லின் மேடையில் தாயாக நடித்த ஹெலன வைகல் மகளின் அடக்கச் செலவுக்குக் காசை எண்ணி, ஒன்றைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

கணக்கு எங்கே பழசாகிறது

எல்லாம் இன்றும் செல்லும் என்று சொன்னால் பொய். மார்க்ஸின் பணம் தங்கம். இன்றைய பணம் அப்படியில்லை. நோராவைத் தடுத்த சட்டம் பல நாடுகளில் இன்று கிடையாது. அதனால் நாடகத்தை நிகழ்காலத்திற்கு இடம்பெயர்க்கும் இயக்குநர்கள், அவள் ஏன் நேராக வங்கிக்குப் போகவில்லை என்பதற்குப் புதிய காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்காமல் உடையை மட்டும் மாற்றும் தயாரிப்புகள் இரண்டாம் அங்கத்திலேயே தள்ளாடுகின்றன.

ஆங்கிலப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ (1817) வேறு பாடம் தருகிறார். அவர் எடுத்துக்காட்டில் துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு, போர்ச்சுகலில் 90. மதுவுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. இரண்டும் போர்ச்சுகலில் மலிவு. ஆனாலும் இங்கிலாந்து துணியை மட்டும், போர்ச்சுகல் மதுவை மட்டும் செய்தால் மொத்தம் 390 பேர் வேலை 360இல் முடியும். கணக்கு பிசகில்லாதது. அதில் இல்லாதது காலம். இங்கிலாந்தில் மதுத் தொழிலில் இருந்தவர் எத்தனை மாதத்தில் நெசவாளியாவார், அதுவரை என்ன சாப்பிடுவார்? மூலதனம் நாடு தாண்டாது என்ற நிபந்தனையையும் ரிக்கார்டோவே எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். எந்திரம் எல்லோருக்கும் நல்லது என்ற தன் கருத்து பிழை என்று 1821இல் மூன்றாம் பதிப்பில் 31ஆம் அத்தியாயமாகச் சேர்த்தார், அது தொழிலாளர்களுக்குப் பெருங்கேடாகலாம் என்று. தானியங்கி மென்பொருள் பற்றிய இன்றைய சண்டைக்கு அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் படிக்கவேண்டும்.

படிக்கும் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. 'நாடுகளின் செல்வம்' நூலைப் பாதியில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் புத்தகத்தின் 11ஆம் அத்தியாயத்தில், வெள்ளி விலை பற்றிய நீண்ட கிளைப்பேச்சில் மூழ்குகிறார்கள். அதைத் தாண்டிவிடலாம், 1 முதல் 3, பிறகு 8, 10, அப்புறம் ஐந்தாம் புத்தகத்தில் கல்வி பற்றிய பகுதி போதும். 'மூலதனம்' நூலுக்கு மார்க்ஸே வழி சொல்லியிருக்கிறார். நண்பர் குகல்மனின் மனைவிக்காக 1867 நவம்பரில் எழுதிய கடிதத்தில் வேலைநாள், கூட்டுறவு, வேலைப் பிரிவினை, எந்திரம், ஆதித் திரட்டல் ஆகியவற்றை முதலில் படிக்கலாம் என்கிறார். கையிலிருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்வது நல்லது: ஆங்கிலப் பதிப்பில் 33 அத்தியாயம், ஜெர்மனில் 25. வேலைநாள் ஒன்றில் பத்தாவது, மற்றதில் எட்டாவது. நாடகமென்றால் ஒத்திகை தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று பத்தி கிழித்துக்கொண்டு, கடன் எவ்வளவு, கெடு எப்போது, யார் கையில் எத்தனை நாளுக்குக் காசு இருக்கிறது என்று காட்சி காட்சியாகக் குறித்துக்கொண்டால், எந்த வசனத்தை வெட்டக்கூடாது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.